எதிரி கம்பெனியில் ஒரு கணவன்

டெலிபோன் அலறியது.

எடுத்தவள் லேப்டாப் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர். மறுமுனையில் செக்யூரிட்டி ஆபீசர்.

"மேடம்... உடனே லேபுக்கு வாங்க. சாம்பிள் லேப்டாப்பைக் காணோம்."



அந்த லேப்டாப்புக்குள் இருந்தது இன்னும் சந்தைக்கு வராத புது ப்ராஸஸர். போட்டிக் கம்பெனியை ஓரங்கட்டப் போகிற சிப்... அவள் பெறாமல் பெற்ற பிள்ளை!

ஓடினாள்.

லேபில் ஆபீசர் இடுப்பில் கை வைத்து நின்றார். பக்கத்தில் லேப் தலைவர், கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தபடி.

"சாவி உங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. மேடம், உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?"

ஊருக்கே தெரிந்த சங்கதி.

"போட்டிக் கம்பெனியில..."

"அப்புறம் என்ன? போலீஸ் வந்துகிட்டிருக்கு."

வேலை போகும். ஜெயில். அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம் முட்டியது.

"வீட்டுல நாங்க ஆபீஸ் பேச்சே எடுக்கறதில்லை சார். எடுத்தா சண்டைதான் வரும்."

"இதை போலீஸ்கிட்ட சொல்லுங்க."

தலைவர் பரிவாகக் குறுக்கே வந்தார்.

"பாவம், விடுங்க ஆபீசர். அந்தச் சிப்பை வெச்சு அவங்க என்னத்தைக் கிழிச்சிடப் போறாங்க? சார்ஜரைக் கழட்டினா வேகம் பாதியா விழுது..."

இன்ஜினியர் நாக்கு! எவன் சிப்பாக இருந்தாலும் குறை சொல்லாமல் அடங்காது.

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"சார்ஜரைக் கழட்டினா அது அணைஞ்சுதானே சார் போகும்?"

"ஏன் அணையணும்?"

"நம்ம லேப்ல சாம்பிளுக்குப் பேட்டரியே வைக்க மாட்டோமே. எப்பவும் சுவர் கரண்ட்தான். பேட்டரி டெஸ்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"அது வந்து..."

"யாரு சார் பேட்டரி போட்டுப் பார்த்தது?"

கைக்குட்டை வழுக்கையிலேயே நின்றுவிட்டது.

ஆபீசர் திரும்பினார். "சார், உங்க கார் சாவியைக் கொஞ்சம் குடுங்க."

டிக்கியில், போர்வைக்கு அடியில் லேப்டாப் இருந்தது. புத்தம்புது பேட்டரியோடு!

போலீஸ் ஜீப்பில் தலைவர் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் செல்போன் சிணுங்கியது. கணவன்.

"என்னம்மா, ஆபீஸ் பேச்சுதான், கோவிச்சுக்காதே. ஒரு சேதி. நாளைக்கு எங்க லேபுக்குப் புதுத் தலைவர் வர்றார். உங்க கம்பெனி ஆள்தானாம். பேரை மட்டும் ரகசியமா வெச்சிருக்காங்க."

அவள் ஜீப்பைப் பார்த்தாள்.

"நாளைக்கு வர மாட்டார்ங்க. ஒரு ஏழெட்டு வருஷம் ஆகும்... நாற்காலியை மட்டும் அப்பப்பத் தூசி தட்டி வைக்கச் சொல்லுங்க."