கிடுகிடுவில் அடித்த காற்று

கிடுகிடு என்ற ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவர்களில் பலர், "இதுக்கா இவ்வளவு பேரு?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டிய தணிப்பி என்ற கருவி இருந்தது. நெஞ்சு படபடத்தாலோ தொண்டை அடைத்தாலோ அது உடனே மோப்பம் பிடித்து, இரத்தத்தில் ஒரு சொட்டு அமைதியைக் கலந்துவிடும். அடிதடி குறைந்தது, மாரடைப்பு குறைந்தது, அரசாங்கமே அதைக் கட்டாயமாக்கிவிட்டது. பயப்படவே தெரியாதவனை ரோலர் கோஸ்டரில் ஏற்றி என்ன பிரயோசனம், சொல்லுங்கள்!

அதனால்தான் கேளிக்கை வாரியம் தன் ஆய்வாளர் பொற்கொடியை அனுப்பியது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காவில் நிற்கும் அந்தப் பழைய மரக் கோஸ்டர் இன்னும் தன் பேருக்குத் தகுதியானதா என்று அவள் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிப் போகும் காந்த வண்டி ஒன்றைக் கட்டுவார்கள்.

கிடுகிடு அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில், தணிப்பி வருவதற்கு முன்னால், தம்பி குணாவோடு ஏறியிருக்கிறாள். "அக்கா, கைய விட்றாத, விட்றாத!" என்று ஊரைக் கூட்டிவிட்டு, இறங்கியதும் "நான் எங்க பயந்தேன்?" என்று சாதித்தவன் அவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். சாவு வீட்டில் ஒருவரும் அழவில்லை. வந்தவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பொற்கொடி நாற்காலி போதுமா, காபி எல்லோருக்கும் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் அவளை முதலில் யோசிக்க வைத்தது வரிசைதான். நின்றவர்கள் எல்லோரும் நடுவயதைத் தாண்டியவர்கள். யாரும் படம் எடுக்கவில்லை, சிரிக்கவில்லை. ஆளுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்து சீட்டைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். இறங்கும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது. வண்டியை இயக்கும் ஜெபராஜ் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை நீட்டினார்.

"காத்து கண்ணுல பட்டுருச்சு" என்றார் ஒருவர்.

"காத்துதான், வேறென்ன" என்றார் அடுத்தவர்.

"எதுக்குண்ணே பக்கத்து சீட்டு காலி?" என்று பொற்கொடி கேட்டாள்.

"நீங்களும் அப்படியே உக்காந்து பாருங்கம்மா" என்றார் ஜெபராஜ்.

முதல் இரண்டு இறக்கத்தில் ஒன்றும் இல்லை. கொட்டாவி வராத குறைதான். மூன்றாவது இறக்கத்தில் பழைய மரம் உதறியது பாருங்கள், பல்லெல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. அந்த உதறலில் தணிப்பிக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சுத் துடிப்பு எது, மரத்தின் நடுக்கம் எது என்று பிரித்தறிய முடியாமல் சில நொடி நின்றுபோய், பிறகுதான் மறுபடி கிளம்பியது.

அந்தச் சில நொடிக்குள், மூன்று வருடம் கழித்து, குணா செத்துப்போனான்.

"டேய் குணா! டேய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். காலி சீட்டைக் கையால் துழாவினாள். அவன் இல்லை, இனி எப்போதும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி வேகம் குறைந்ததும் மனசு பழையபடி வழவழவென்று ஆகிவிட்டது. முகம் மட்டும் நனைந்திருந்தது.

ஜெபராஜ் துண்டை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா. ஏன்னு சொல்லிராதீங்க. தெரிஞ்சா தணிப்பியச் சரி பண்ணிருவாங்க. செத்துப்போன என் சம்சாரத்த நான் பாக்குறது இங்க மட்டுந்தான்" என்றார்.

"சத்தியமா சொல்லமாட்டேண்ணே" என்றாள் பொற்கொடி. வாரியம் கூடி முடிவெடுக்கும்வரை ஞாயிறு தவறாமல் வந்து, இரண்டு டிக்கெட் வாங்கி, தம்பிக்காக அழுதுவிட்டுப் போனாள்.

வாரியக் கூட்டத்தில் மதனகோபால் என்கிற உறுப்பினர் கிண்டலை ஆரம்பித்தார். "மூஞ்சில காத்தடிக்க மரத்துல ஒரு மலையே வேணுமா மேடம்? எங்க வீட்டு ஃபேன் போதுமே!" எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல், "பேருக்குத் தகுதியானதுன்னு சொல்றீங்க. காரணம் என்ன?" என்று கேட்டார்.

பொற்கொடிக்கு ஜெபராஜின் முகம் ஞாபகம் வந்தது. சொன்னால் அவருக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம் எட்டிப் பார்த்தது. ஐயோ, அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தால் வாய் தானாக மூடிக்கொண்டிருக்கும். தணிப்பி விட்டால்தானே! மோப்பம் பிடித்தது, ஒரு சொட்டு விட்டது. சொல்லக்கூடாது என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. நிதானமாக, தெளிவாக, உதறலைப் பற்றியும் காலி சீட்டைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

கிடுகிடு பேருக்குத் தகுதியானதுதான் என்று வாரியம் ஒருமனதாக முடிவு செய்தது. வாசலில் பித்தளைப் பலகை வைக்கவும் உத்தரவானது. கடைசி நாற்காலியில் இருந்த தணிப்பித் துறை அதிகாரி எழுந்து வந்து, "பெரிய உதவி பண்ணீங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஊரில் எல்லோருடைய தணிப்பிக்கும் திருத்தம் வந்து சேர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பித்தளைப் பலகை பளபளத்தது. வரிசையில் ஆளே இல்லை. ஜெபராஜ் மட்டும் நின்றிருந்தார்.

"நான்தாண்ணே சொல்லிட்டேன்" என்றாள் பொற்கொடி.

"பரவால்லம்மா" என்றார் அவர். பாவம், அந்த மனிதரால் அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அவள் இரண்டு டிக்கெட் வாங்கினாள். பக்கத்து சீட்டைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது இறக்கத்தில் மரம் உதறியது, பல் அடித்துக்கொண்டது. வேண்டுமென்றே வாயைத் திறந்து "குணா" என்று சொல்லிப் பார்த்தாள். கடைப் பலகையில் யாரோ ஒருவர் பேரை வாசித்ததுபோல் இருந்தது.

இறங்கியதும் ஜெபராஜ் பழக்கதோஷத்தில் துண்டை நீட்டினார். அவள் வாங்கி, காய்ந்த முகத்தை ஒருமுறை துடைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னைக்குக் காத்தே இல்லண்ணே" என்றாள்.