முதல் மார்க் வாங்கிய பல்

பரிசு வாங்கியவர் புகார் கொடுக்க வருவது துப்பறிவாளரின் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை.

"எனக்கு முதல் மார்க் குடுத்திருக்காங்க சார். ஆனா அந்தப் பல் என்னோடது இல்ல" என்றாள் பல் மருத்துவ மாணவி.

துப்பறிவாளரின் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவருக்கு வரும் வழக்குகளில் பாதியைத் தானே முடித்துவைத்ததாக அவளுக்கு நினைப்பு. தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். டீயை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாணவி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். பாவம், பிள்ளை பயந்து போயிருக்கிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

"விவரமா சொல்லும்மா" என்றார் துப்பறிவாளர்.

"நிஜ ஆளோட வாயில கை வைக்கறதுக்கு முன்னாடி பொம்மைத் தலையில பழகுவோம் சார். ரப்பர் கன்னம், பிளாஸ்டிக் பல். பரீட்சையில ஒரு கடைவாய்ப் பல்லை கேப் மாட்ட ஏத்த மாதிரி செதுக்கணும். பாஸானா அடுத்த மாசத்துலேர்ந்து நோயாளிங்களைப் பாக்கலாம். எனக்குக் கை கொஞ்சம் வழுக்கிருச்சு. ஃபெயில்னு அழுதுகிட்டேதான் வெளிய வந்தேன். மறுநாள் மார்க் போட்டாங்க. இப்ப என் நம்பரை ஒட்டி, ஒரு அழகான பல்லைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க."

"வழுக்கினதை யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல, அம்மாகிட்டகூட. அவங்கதான் அந்த ஹால்ல பயிற்சி குடுக்கறவங்க. மகள் பரீட்சையில இருக்கான்னு மார்க் போடுற குழுவிலேர்ந்து அவங்களே விலகிட்டாங்க."

"அப்பா?"

"நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டார். ஏதோ காய்ச்சல்னு அம்மா சொல்வாங்க."

பயிற்சிக் கூடத்தில் பொம்மைத் தலைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பல்வலியை மாதக்கணக்கில் மாத்திரை போட்டே ஏமாற்றி வந்த மனைவி, அவற்றைப் பார்த்ததும் தன் வாயை இறுக மூடிக்கொண்டாள். மாணவியோடு வந்த இருவரையும் கருவி அறையைக் கவனிப்பவர் வரவேற்றார். மாணவர்கள் அவரைத் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்மைத் தாடையின் அடித் திருகைக் கழற்றிப் பல்லை மாற்றும் குட்டித் திருப்புளி அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை. மாணவியின் எண் ஒட்டிய தாடையில் பரிசுப் பல்லைப் பொருத்திக் காட்டினார்.

"பரீட்சைக்கு எல்லாப் பல்லையும் புதுசா போடுவீங்களா?"

"கட்டுப்படியாகுமா சார்? செதுக்கற பல் மட்டும்தான் புதுசு. மத்ததெல்லாம் வருஷம் பூரா பசங்க கொத்திப் பழகினது."

துப்பறிவாளர் நாலைந்து தாடைகளைப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பக்கத்துப் பற்கள் கீறலும் கறையுமாக இருந்தன. மாணவியின் தாடையில் மட்டும் பரிசுப் பல்லுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பளிச்சென்று இருந்தன.

"இந்தப் பல் ஓரத்துல இப்படி வழவழன்னு இருக்கே, அது எதுல வரும்?"

"அதுக்குன்னு மெஷின்ல மாட்டற நைஸ் முனை ஒண்ணு இருக்கு சார். இந்த வருஷப் பசங்களோட தட்டுல அது கிடையாது. அலமாரியில பூட்டியிருக்கு, சாவி எங்ககிட்டதான்."

"பரீட்சை அன்னிக்கு ஹாலைப் பூட்டினது யாரு?"

"மேடம்தான், இந்தப் பிள்ளையோட அம்மா. 'வீட்ல ஆளுக்கு உடம்பு சரியில்லேன்னீங்களே, கெளம்புங்க, நான் பூட்டிக்கறேன்'னாங்க. தங்கமான மனுஷி."

"இந்தத் திருப்புளிதாங்க, மூஞ்சியே சரியில்ல" என்று மனைவி கணவரின் காதைக் கடித்தாள். இரண்டாவது மார்க் வாங்கிய மாணவன் உள்ளே வந்து, மாணவியைப் பார்த்ததும் முகம் சிவந்தான். "இல்லைங்க, இவன்தான்" என்று உடனே தீர்ப்பை மாற்றினாள்.

சாயங்காலம் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார் துப்பறிவாளர். மாணவியின் தாய் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள்.

"நல்ல மார்க் வந்திருக்கு. அதைப் போய் எதுக்கு சார் கிளறிக்கிட்டு?" என்றாள்.

"உங்க பொண்ணு கேட்டுச்சேம்மா" என்ற துப்பறிவாளர் மாணவனைக் காட்டினார். "தம்பிக்கு இந்தப் பொண்ணு மேல பிரியம்னு பாத்தாலே தெரியுது. ஆனா இவ்வளவு நல்லா செதுக்கத் தெரிஞ்சவன் எதுக்கு ரெண்டாவதா வரப் போறான்?"

மாணவனுக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று புரியவில்லை.

"திருப்புளி ஐயா அன்னிக்கு சீக்கிரமே போயிட்டார். போகச் சொன்னது..." துப்பறிவாளர் நிறுத்தினார்.

மனைவி தாயின் முகத்தைப் பார்த்தாள். "போதுங்க, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்று கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வழக்கைப் பாதியில் விடச் சொல்லி அவள் கேட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார் துப்பறிவாளர் மாணவியிடம்.

"கூப்பிட்டதே நான்தானே சார். சொல்லுங்க."

"மார்க்குக்காக மாத்தறவங்க ஒரு பல்லைத்தான் மாத்துவாங்க. இங்க மூணு மாறியிருக்கு. வழுக்கினா ஒரு பக்கம்தான் அடிபடும். பக்கத்துப் பல் ரெண்டையும் மாத்த வேண்டி வந்துச்சுன்னா, ரெண்டு பக்கமும் அடிபட்டிருக்கு. அது வழுக்கல் இல்லம்மா, நடுக்கம். எங்க வீட்டுல டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சே. இதைச் செஞ்சவங்க மறைக்க நெனச்சது அந்த நடுக்கத்தைத்தான். அது என்னன்னு பாத்த உடனே தெரிஞ்சுதுன்னா, முன்னாடி ஒரு தடவை அதைப் பாத்தவங்களாத்தான் இருக்கணும். மேடம், உங்க வீட்டுக்காரருக்கு வந்தது காய்ச்சல் இல்லையே?"

தாய் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நரம்பு வியாதி. கையில ஆரம்பிச்சுது. சட்டைப் பித்தான் போட வரலேன்னு மொதல்ல சிரிச்சார். கடைசியில என்னையே யாருன்னு தெரியல. பிள்ளைக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னார். அன்னியிலேர்ந்து இவ கையெழுத்தைப் பாப்பேன். ஊசியில நூல் கோக்கச் சொல்லிப் பாப்பேன். அன்னிக்குப் பூட்ட வந்தப்ப அந்தப் பல்லைப் பாத்தேன். கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு நானே ஒண்ணு செதுக்கி... நோயாளிங்க பக்கம் போறதுக்குள்ள சொல்லிடணும்னு தினம் நெனச்சேன். வாய் வரல."

"உனக்குக் கண்ணு சரியா தெரியலைன்னு நெனச்சேம்மா, நூல் கோக்கச் சொன்னப்பல்லாம்" என்றாள் மாணவி.

பிறகு துப்பறிவாளரிடம் திரும்பினாள். "அந்தப் பல் என்னோடதுதான், எனக்குத்தான் ஞாபகமில்லன்னு நீங்க சொல்லிருவீங்கன்னு ஒரு ஆசை சார். அதுக்குத்தான் வந்தேன்."

மனைவி பொம்மைகளைப் பார்ப்பது போல் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பல் எங்கம்மா?"

தாய் கோட்டுப் பையிலிருந்து மூன்று பற்கள் சுற்றிய ஒரு பஞ்சுப் பொதியை எடுத்தாள். தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"மார்க் போடு."

"வேணாண்டி."

"நீ யாருக்கும் சும்மா மார்க் போட்டதில்லையே. எனக்கு மட்டும் ஏன்?"

தாய் விளக்கைப் போட்டாள். எந்த மாணவரின் பல்லையும் பார்ப்பது போலவே நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுவரெல்லாம் அலை அலையா இருக்கு. பக்கத்துப் பல் ரெண்டும் அடிபட்டிருக்கு. இந்தக் கையை நோயாளி வாயில வைக்க விட முடியாது." பல்லைப் பஞ்சிலேயே திரும்ப வைத்தாள். "ஃபெயில்."

"சரி மேடம்" என்றாள் மாணவி, மற்ற மாணவர்கள் சொல்வது போலவே. அதற்குப் பிறகுதான் தாயின் மடியில் முகத்தைப் புதைத்து, "அம்மா" என்று கதறினாள்.