முப்பத்திரண்டாவது மேசையின் பசி

பதினைந்தாவது மேசையைத் தாண்டும்போதே தேர்வாளர் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திவிட்டார். முப்பத்திரண்டாவது மேசையிலிருந்து ஹெப்சிபா அதைக் கவனித்தாள். பன்னிரண்டாம் வகுப்புச் சமையல்-வணிகப் பிரிவின் செய்முறைத் தேர்வில், பெயர் வரிசைப்படி அவள்தான் கடைசி. மூன்று ஆண்டுகளாக முதலிடம் ஏழாவது மேசையைத் தாண்டி வந்ததே இல்லை. வயிறு நிறைந்தவருக்கு அவள் வைத்திருந்த தேங்காய்ப்பால் சொதியும் வெந்நீர்தான்.

முதலிடம் பெறுகிறவர், பள்ளி முடிந்த கையோடு முத்துமுனைத் துறைமுகத்தின் கேன்டீனை ஓராண்டு நடத்தலாம். எழுநூறு தொழிலாளிகள், பெரிய சமையற்கட்டு. ஹெப்சிபா வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

அவள் மேசைக்கடியில் இரண்டு பசிமாற்றிப் பட்டைகள் இருந்தன. ஊரில் அவை இல்லாத வீடு குறைவு. சோறு மறுக்கும் குழந்தைக்கு அம்மா தன் பசியைக் கொடுப்பாள். குழந்தையின் நிறைவு அம்மாவுக்கு வந்துவிடும். உணர்ச்சிதான் இடம் மாறும். தின்ற சோறு தின்றவர் வயிற்றிலேயே கிடக்கும்.

முந்தாநாள் மதியத்திலிருந்து ஹெப்சிபா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

“ஏட்டி, மயங்கி விழுந்து சொதியக் கவுத்திராத,” என்றான் பக்கத்து மேசை ஸ்டான்லி.

“உன் பிரியாணி வாடைக்கே மயக்கம் வருது. சும்மா இரில.”

தேர்வாளர் அருமைநாயகம் வந்து சேர்ந்தார். துறைமுக நிறுவனத்தின் உணவுப் பிரிவு மேலாளர் அவர். “அரைக் கரண்டி போதும்மா. நான் வீட்டுக்கு நடந்து போகணும்லா.”

“சார், வணிகத்துக்குப் பாதி மார்க்கு. சாப்பிட வர்றவங்களத் தயார் பண்றதும் வணிகந்தான?” ஹெப்சிபா ஒரு பட்டையை நீட்டினாள்.

அவர் சிரித்துக்கொண்டே அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். இன்னொன்றை அவள் கட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் மூக்கு விடைத்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் இப்போதுதான் அவரை எட்டியது போலிருந்தது. ஒரு தட்டு, இரண்டு, நான்கு. இஞ்சிப் பச்சடியை விரலால் வழித்தார். வகுப்பே கைதட்டியது.

ஹெப்சிபாவின் வயிற்றில் இதமான ஒரு கனம் இறங்கியது. இரண்டு நாள் குடைச்சல் இருந்த இடம் தெரியவில்லை. ஆனாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“முதலிடம் இந்தப் பிள்ளைக்குத்தான்!”

ஸ்டான்லி விசிலடித்தான். அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அருமைநாயகம் உட்கார்ந்து, தன் கைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார். “ஏம்மா, நம்ம துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வருதுல்லா? ஆயிரம் பேரு. எவ்வளவு விருந்து வச்சாலும் பசிக்கலன்னு எந்திரிச்சுப் போறாவ. இங்க எழுநூறு பேருக்குக் கொலப்பசி. மதியம் ரெண்டு பக்கமும் பட்டையக் கட்டி, இவங்க பசிய அங்கயும் அவங்க நிறைவ இங்கயும் மாத்திவிட்டா எப்படி இருக்கும்?”

“நல்லாருக்கும் சார். கேன்டீன்ல என்ன சமைக்க?”

“அதான் சமைக்கவே வேண்டாமே! அடுப்பு இல்ல, அரிசி இல்ல. கேன்டீன் பொறுப்பு உனக்குத்தான். ஆளுக்கொரு பட்டைய ஒழுங்கா கட்டிவிடு, போதும்.” ஒப்பந்தத்தாளையும் பேனாவையும் அவள் முன் வைத்தார்.

“அவங்க மூட்டை தூக்கணுமே சார்?”

“வயிறு நிறைஞ்ச மாதிரிதான இருக்கும்? உன்னையே கேளு. இப்பப் பசிக்குதா?”

அவள் யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை.

“இல்ல சார்.”

ஆசிரியை ஓடி வந்து, மிச்சச் சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். “முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஒரு வாய் குடிட்டி.”

தான் சமைத்ததன் வாசமே அவளுக்குக் குமட்டியது. “வேண்டாம் மிஸ். வயிறு நிறைய இருக்கு.”

எழுநூறு பேரும் வெறும் வயிற்றோடு இதையேதான் சொல்வார்கள், ஒருவர்கூடப் பொய் சொல்ல மாட்டார் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. தாளைப் பார்த்தாள். கையெழுத்துக்கான கோடு இரண்டாகத் தெரிந்தது. பேனா விரல்களில் நிற்கவில்லை.