பக்கத்து மேஜை சாம்

ருதைனாவுக்கு அன்று காலையிலிருந்தே கோபம். போதாததற்கு மழை... ஜபல் வெய்ப்தே குன்றின் சரிவில் ஓடிவந்த தண்ணீர் ஷூவுக்குள் புகுந்திருந்தது. காப்பிக் கடையின் சன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தால், அவள் கடையின் பெயர் துண்டு துண்டாகக் கிடந்தது.

அரபியில் கைகோத்து நிற்க வேண்டிய எழுத்துகள் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் தனித்தனியே நின்றன. அதுவும் வலமிருந்து இடம் போக வேண்டியவை இடமிருந்து வலமாக... மூன்று வாரமாக இந்த வெப்சைட் கட்டும் தளத்தோடு மல்லுக்கட்டுகிறாள். கத்தரிப் பிஞ்சுக்குள் வால்நட்டும் மிளகாயும் திணித்து ஆலிவ் எண்ணெயில் அவள் ஊறப்போடும் மக்தூஸுக்குத் தெற்கே அக்காபா துறைமுகம் வரை கிராக்கி. ஃபோனில் ஆர்டர் எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் வெப்சைட் பக்கமே வந்தாள். இந்த ஊருக்கு ஏற்ற மாதிரிப் பக்கம் ஒன்று கேட்டதற்கு, பாலைவனமும் ஒட்டகமும் வந்து நின்றன. ஒட்டகமா மக்தூஸ் செய்கிறது?

இலவச நாட்கள் இன்றோடு முடிகின்றன. வருஷத்துக்கும் சேர்த்துச் சந்தா கட்டச் சொல்லி மஞ்சள் பட்டை மின்னியது. உதவி கேட்கும் சாட் பெட்டியைத் திறந்தாள். வழக்கம்போல 'சாம்' வந்தான்.

எங்கள் மொழியை எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் மொழியில் விளம்பரம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டு அனுப்பினாள்.

பக்கத்து மேஜையில் 'டிங்' என்றது.

அடுத்த வரியை அனுப்பினாள். டிங். விரல் நின்றது. வெறும் ஒரு புள்ளியை மட்டும் அனுப்பிப் பார்த்தாள்... டிங்.

திரும்பினாள். கலைந்த தலையோடு ஒருவன். மழையில் நனைந்த தார்ச்சாலை போலக் கரிய, பளபளக்கும் கண்கள்... அவளைப் பார்த்ததும் அவை வசமாக மாட்டிக்கொண்டு விழித்தன.

"நீங்கதான் சாமா?"

"அது கம்பெனி வெச்ச பேரு, மேடம். என் பேரு ஹைதம்."

"சொந்தப் பேர சொல்ல வெக்கமா?"

"வெக்கமில்ல. அனுமதியில்ல."

எழுத்துகள் உடைவதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு நாலு முறை எழுதிப்போட்டதாகவும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்ததாகவும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்படியென்றால் என்னைப் பணம் மட்டும் கட்டச் சொல்வது எந்த நியாயம் என்று அவள் கேட்டாள். மடிக்கணினியைப் பட்டென்று மூடிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

தெருமுனையில் ஃபோன் அதிர்ந்தது. அதே சாட் பெட்டி.

'கட்டாதீர்கள். இது உங்களுக்கு ஒத்துவராது. எந்தத் தளமானாலும் முதலில் கடைப் பெயரை அரபியில் அடித்து ஃபோனில் பாருங்கள். சாமானைக் கையில் வாங்கும்போது பணம் தர வழியிருக்கிறதா, விட்டு விலகினால் உங்கள் படங்களையும் பட்டியலையும் எடுத்துப் போக விடுவார்களா என்று கேளுங்கள்.' கீழே, இதற்கெல்லாம் தேறிய வேறொரு தளத்தின் பெயர். அதற்கும் கீழே... 'ஹைதம்'.

நன்றி சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. இவன் இரக்கத்தை யார் கேட்டது?

ஆனாலும் அந்தத் தளத்தில்தான் கட்டினாள். எட்டாம் நாள், எழுத்துகள் கோத்த கடைப் பெயரைக் காட்டிக் குத்தலாக நாலு வார்த்தை சொல்லலாமென்று பழைய சாட் பெட்டியைத் திறந்தாள். சாம் வந்தான். ஆனால் இவன் வேறு சாம். ஹைதம் எங்கே என்று விடாமல் கேட்டதில், வாடிக்கையாளரைப் போட்டி நிறுவனத்துக்கு அனுப்பியதற்காக அன்றைக்கே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று வந்தது.

உண்மை சொன்னதற்கா? ருதைனாவுக்குக் காது மடல் சிவந்தது. அந்த நிறுவனத்துக்கு மூன்று பக்கம் எழுதினாள். ஆத்திரம் அடங்கவில்லை. தினமும் அந்தக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், வேலைக்கான விண்ணப்பக் காகிதங்களோடு அவன் வந்தான்.

"வேலை போனத என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சொன்னா ஐயோ பாவம்னு பார்ப்பீங்க. அதுக்கு நீங்க கோவமா பார்க்கிறதே மேல்."

"திட்டு வாங்குறதுல அவ்ளோ ஆசையா?"

அவன் காகிதங்களைச் சுருட்டினான், பிரித்தான்... "உங்க கடை பேரு சாட் வரிசையில வந்தா, வேற யாரும் எடுக்கறதுக்குள்ள நான் எடுத்துடுவேன். மூணு வாரமா... உங்ககூடப் பேச எனக்கு வேற வழி தெரியல."

வெளியே மழை வலுத்தது.

"எனக்கு இப்பவும் கோவம் போகல," என்றாள். "வெப்சைட்ட பார்க்கலாம்னு ஃபோன எடுத்தா, உங்க மெசேஜத்தான் படிச்சிட்டிருக்கேன். தினம் பத்துவாட்டி... இத நான் யார்கிட்ட புகார் பண்றது?"

அவன் காகிதங்களை மேஜைமேல் வைத்தான்.

"வெள்ளிக்கிழமை உங்க அம்மாவ எங்க வீட்டுக்கு காப்பி குடிக்க வரச் சொல்லுங்க," என்றாள் சிடுசிடுப்பு மாறாமலே. அந்த ஊரில் பையனின் அம்மா காப்பிக்கு வந்தால் பெண் கேட்டு வந்ததாக அர்த்தம். "எங்கம்மா நம்பர் தரேன், விலாசம் அவங்க சொல்லுவாங்க."

ஹைதம் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே, அவள் எதிரிலேயே, அம்மாவுக்கு ஃபோன் போட்டான்.