பச்சைப் பேணி

"பிரேமிளா! இண்டைக்கு நீ குசினிய விட்டு வெளியில வரப்படாது, சொல்லிப்போட்டன்! சனத்துக்கு முன்னால வலிப்பு வந்து விழுந்தியெண்டா மாமான்ர மானம் என்னத்துக்காகும்?"

விடியமுன்னமே சிவனேஸ்வரி தொடங்கிவிட்டாள். மருமகள் "ஓம் மாமி" என்று சொல்லி, தனக்கென ஒதுக்கிய பச்சைப் பேணியில் வெறுந்தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டாள். வலிப்புக்காரியின் எச்சில் ஒட்டுமாம்! அதனால் தனிப் பேணி. சீனி? அது மாமியின் அலுமாரிக்குள், பூட்டோடு.

எல்லாம், பிரேமிளாவின் சேலைகளுக்குள்ளே வலிப்புக் குளிசைகளை மாமி கண்டெடுத்த நாளில் வந்த வினை. உண்மையில் அவை மாமியின் மகள் தேனுகா அங்கே ஒளித்துவைத்த தன் குளிசைகள். "அண்ணி, அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தன்... என்னை ஆரும் கட்டமாட்டினம்!" என்று அவள் அழுத அழுகையில் பிரேமிளா வாயை மூடிக்கொண்டாள். கட்டாரில் இருந்த கணவனுக்கும் சொல்லவில்லை. மாதாமாதம் இருவருமாய்க் கிளினிக்குக்குப் போனார்கள். நோய்க்கார அண்ணியைக் கூட்டிப்போகும் தேனுகாவின் பொறுமையை முள்ளியவளை ஊரே மெச்சியது!

அன்றைக்கு மாமா பரமலிங்கம் ஆறாவது சங்கத்துக்கும் தலைவராகியிருந்தார். ஆறு சங்கத்துப் பூட்டுகளின் திறப்புகளும் இடுப்பில் கிலுங்க, போர்த்திய பொன்னாடையோடு விறாந்தையில், வாழ்த்த வந்த சனத்துக்கு முன்னால் நின்று, "ஆபத்தில் பதறாதவனே தலைவன்..." என்று தொடங்கினார். பலகாரத் தட்டோடு வந்த தேனுகா தடாலென்று விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"ஐயோ! இரும்பு! இரும்பைக் கையில குடுங்கோ!" தலைவர் திறப்புக்கோர்வையை மகளின் கைக்குள் திணித்தார். செயலாளர் கால்களை அமத்தினார். பொருளாளர் வாய்க்குள் செருகக் கரண்டி தேடி ஓடினார்.

"விடுங்கோ!"

குசினி வாசலில் பிரேமிளா. அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

"ஒருத்தரும் பிடிக்காதேங்கோ! வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ! கதிரையளை அங்கால அரக்குங்கோ. மாமா, உந்தப் பொன்னாடையைத் தாங்கோ!"

பொன்னாடை தலைவரின் தோளை விட்டு மகளின் தலைக்கடியில் போனது. பிரேமிளா அவளின் கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். "அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ."

இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்தினாள். நுரை தானாக வழிந்தது. பிறகு... ஒரு நீண்ட மூச்சு. இன்னொன்று. கோயிலில் திரை விலகும்போது போல அந்தச் சனம் எட்டி எட்டிப் பார்த்தது. தேனுகாவின் கையில் திறப்புகளின் கிலுக்கம் நின்றிருந்தது.

கண் திறந்த தேனுகா தாயைத் தேடவில்லை. "அண்ணி... திரும்பவும் வந்திட்டுதா?"

"திரும்பவுமோ?" சிவனேஸ்வரி மகளருகே குனிந்தாள். "அப்ப... அந்தக் குளிசையள்...?"

"என்ரதான் அம்மா... அண்ணிக்கு ஒண்டுமில்லை..."

மகளுக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் ஓடிய சிவனேஸ்வரி அப்படியே நின்றாள். நோய்க்காரிக்குப் பச்சைப் பேணி. சட்டம் அவள் போட்டதுதான்; இனி அது மகளுக்கு. அதற்குள் மருமகள் குடித்து மீதம் வைத்த தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, எல்லாரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஐயோ பிள்ளை... இதுக்குள்ள சீனிகூட இல்லையே! உன்னை என்ன பாடு படுத்திப்போட்டன்!"

"அழாதேங்கோ மாமி... தேனுகா பயந்திடுவாள்."

சிவனேஸ்வரி மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அலுமாரித் திறப்பை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் கையில் வைத்த இரும்புகளில் வேலை செய்தது அது ஒன்றுதான்.