குவாரித் தண்ணீரின் சூடு

"தண்ணி சூடா கீது மேடம்!"

பள்ளத்திலிருந்து சாம்சன் கத்தியது சுகப்பிரியாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி, வருஷக்கணக்காகக் கைவிடப்பட்டுக் கிடக்கும் கல்குவாரி. வெயிலே எட்டாத ஆழத்தில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். கை வைத்தால் ஜில்லென்றுதானே இருக்கணும்?

"எப்படிச் சூடுண்ணே?"

"ஜொரம் வந்தவன் நெத்தி மாரி."

அந்தத் தண்ணீரை லாரியில் ஏற்றி ஹாஸ்டல்களுக்குக் கொடுக்கலாமா என்று சோதித்துச் சொல்ல வேண்டியது அவர்கள் லேபின் வேலை. சரிவில் கல் சறுக்கும் என்பதால் சாம்சன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பாட்டில்களோடு இறங்கியிருந்தான். மறுமுனை சுகப்பிரியாவின் கையில். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த பாறை அவனை மறைத்தது. கயிற்றின் கனம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இறங்கிய ஆள் மேலே வந்து, முகத்தைப் பார்த்த பிறகுதான் கயிற்றை விடணும். எத்தனையோ குவாரி பார்த்தாச்சு. அவன் தலை தெரிந்தாலே இப்போதெல்லாம் அவள் கை தானாகத் தளர்ந்துவிடும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துப் போகும் சத்தம், காய்ந்த புல்லின் வாசனை, அதற்கு அடியில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு முடை நாற்றம். அது சரிவில் மெல்ல ஏறி வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. சே, சொந்த ஊர் திருநெல்வேலியில் பார்க்காத கிணறா, குளமா? இருந்தும் பயமாக இருந்தது.

"போதும்ண்ணே, வெரசா மேல வாங்க!"

"தோ வந்துட்டேன். பாப்பாக்கு மருந்து வேற வாங்கினு போணும்."

கயிறு விறைத்தது. ஏறுகிறான். அவள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். சட்டென்று நின்றது.

"மேடம்..." குரல் நடுங்கியது. "இன்னாவோ காலப் புடிச்சினு கீது. கயித்த வுட்றாதீங்க."

"விடமாட்டேண்ணே! சத்தியமா விடமாட்டேன்!"

பாறையில் காலை ஊன்றிக்கொண்டாள். உள்ளங்கைத் தோல் எரிந்தது. முருகா. முருகா. இழுத்தாள். கயிறு நகரவில்லை. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். ஒரு சாண் வந்தது.

சரளைக்கல் நெரியும் சத்தம்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு கை. பிறகு தலை.

சாம்சன்தான். சொட்டச் சொட்ட நனைந்து, ஏறி வந்து எதிரே நின்றான். அதே நீலச் சட்டை. அதே அசட்டுச் சிரிப்பு. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"அப்பாடா... பயந்தே போயிட்டேன்ண்ணே."

கை தளர்ந்தது.

கயிறு சரசரவென்று ஓடியது. கீழே.

எதிரே நின்றவன் இடுப்பில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

"மேடம்!"

பள்ளத்தின் அடியிலிருந்து சாம்சனின் அலறல் எழுந்தது. தண்ணீர் விழுங்கும் சத்தம். அலறல் பாதியில் அறுந்தது.

எதிரே நின்றவன் மெதுவாக வாயைத் திறந்தான்.

மீதி அலறல் அதிலிருந்து வந்தது.