தம்பியின் ரப்பரும் களிமண் யானையும்

வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று மதியம் மூன்று மணியிலிருந்து அந்த வாயாடி வாயே திறக்கவில்லை.

அம்மா வீட்டிலிருந்தே வீடியோ தொகுத்துக் கொடுப்பவர். பள்ளி நாடக வீடியோவை ஐந்து மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ஐந்தரைக்குப் பள்ளி அரங்கில் அதைத் திரையிடுவார்கள். நடித்த நாற்பது பிள்ளைகளும் வீட்டாரோடு வந்து காத்திருப்பார்கள். கணினியோ ஆமையாக ஊர்ந்தது.

"போன மாசம்தானே புது எஸ்.எஸ்.டி. டிரைவ் போட்டோம்? இதுக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

என்ன வந்தது என்று வாயாடிக்கு லேசாகச் சந்தேகம் இருந்தது. கணினியில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அந்த டிரைவைப் போன மாதம் மாட்ட வந்த மெக்கானிக் அண்ணன், "எவ்வளவு இடத்தைக் காலியா ஒதுக்கி வைக்கட்டும்?" என்று கேட்டிருந்தார். அப்போது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஒதுக்க வேணாம்ண்ணா. எதுக்குச் சும்மா கிடக்கணும்?" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது இவள்தான். பிறகு, ஒரு களிமண் யானையைத் துளித்துளியாக அசைத்து, அது நடப்பதுபோல் படம் செய்ய எடுத்த நாலாயிரம் புகைப்படங்களையும் அதில் கொட்டி விளிம்புவரை நிரப்பினாள்.

"அக்கா, இது நகரவே மாட்டேங்குது."

தம்பி எண் கட்டைப் பலகையோடு வந்து நின்றான். அதில் பதினைந்து கட்டைகளும் ஒரு காலிக் கட்டமும் இருக்கும். கட்டைகளைத் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்த வேண்டும். அவன் அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு ரப்பரைத் திணித்து வைத்திருந்தான்.

"இதை ஏன்டா இங்க வச்சே?"

"சும்மாதானே இருந்துச்சு."

வாயாடிக்குச் சுருக்கென்றது. ரப்பரை நெம்பி எடுத்தாள். கட்டைகள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. டிரைவும் உள்ளுக்குள் எதையாவது நகர்த்தி வைத்துக்கொண்டே இருக்கும், அதற்கு இடம் வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் அன்றைக்கே சொன்னார். இவள் காது கொடுத்துக் கேட்டால்தானே!

மணி நான்கு பத்து. சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் நாற்பது பிள்ளைகளும் வெறும் திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அம்மா, தப்பு என் மேலதான்." நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். "என் யானைப் படத்தை அழிச்சிடும்மா."

அம்மா திட்டவில்லை. "ரெண்டு மாசமா உக்காந்து எடுத்தியேடி. வேற எதுலயாவது நகல் எடுத்துட்டு அழிக்கலாமே?"

"இது ஊர்ற வேகத்துக்கு நகல் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும்மா. யானை அலமாரியிலதான் இருக்கு. திரும்ப எடுத்துக்கறேன்."

அழிக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாயாடி நகத்தைக் கடித்தாள். அப்புறம் கணினி சுறுசுறுப்பானது. நாலு ஐம்பத்திரண்டுக்கு வீடியோ தயார். அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பள்ளிக்கு ஓடினார்.

மறுநாள் அம்மா கூப்பிட்டதும் மெக்கானிக் அண்ணன் வந்தார். "இப்போ எவ்வளவு ஒதுக்கட்டும்?" என்றார். அம்மா வாயாடியைக் கை காட்டினார்.

"பத்துல ஒரு பங்கு போதுமாண்ணா?"

"தாராளமா."

"அப்போ அதை யாரும் தொட முடியாதபடி பண்ணிடுங்க. முக்கியமா நான்."

அன்று மாலை அவள் அலமாரியிலிருந்து யானையை இறக்கினாள். தும்பிக்கை காய்ந்து விறைத்திருந்தது. தண்ணீர் தொட்டுத் தடவிக் கொடுத்தாள். தம்பி விளக்கைப் பிடிக்க, முதல் படத்தை எடுத்தாள்.